ஜெர்மனிக்கு நார்க்கழிவு அனுப்பலாமா?

‘தென்னை நார்க்கழிவுக் கட்டிக்கு ஜெர்மனியில் நல்ல கிராக்கி என்கிறார்கள். எங்கள் குழுவில் ஐம்பது பேர் இருக்கிறோம். நேரடியாக இறங்கலாமா?’ என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிகிற சங்கதி இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வெளிநாட்டு வியாபாரம் நம் பகுதிக்குப் புதிதல்ல. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ நாட்டு மருத்துவமனைகளுக்குப் போகிறது. ஆனால் நம்மிடம் இருப்பதெல்லாம் அங்கே போய்விடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தும் பால் பொருளை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புவது எளிதல்ல. மாம்பழத்துக்கும் பழ ஈ காரணமாக 2014 மே மாதம் தடை போட்டு, 2015 தொடக்கத்தில்தான் நீக்கினார்கள்.

நார்க்கழிவுக்கு வாசல் திறந்திருக்கிறது. செடி வளர்க்கும் ஊடகமாக மண் கலந்த எதையும் ஐரோப்பா உள்ளே விடாது. தென்னை நாரால் மட்டுமே ஆனது, முன்பு சாகுபடிக்குப் பயன்படுத்தாதது என்றால் அதற்கு விலக்கு உண்டு. சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் ‘பீட்’ பயன்பாட்டைக் குறைப்பது ஜெர்மன் அரசின் கொள்கை. அந்த இடத்தை நிரப்பும் பொருள்களில் நம்முடையதும் ஒன்று. கிராக்கி என்று சொல்வது பொய்யில்லை.

ராஜபாளையம் பக்கம் சின்னத் தொழிற்சாலை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் முதல் கன்டெய்னர் கதையைச் சொல்கிறேன். மாதிரி அனுப்பினார், பிடித்துப்போனது, ஆர்டர் வந்தது. உப்பின் அளவைக் காட்டும் இ.சி. 0.5-க்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இங்கே பரிசோதித்தபோது 0.4. அங்கே போய்ச் சேர்ந்ததும் ‘அளவு தாண்டிவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இவர் ஒரு பங்கு கழிவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து பார்த்தார். அவர்கள் ஒன்றுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் கலந்து பார்த்தார்கள். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடத்தானே காட்டும்! எந்த முறையில் அளப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாததால், விலையில் கணிசமாக விட்டுக்கொடுத்து கணக்கை முடித்தார். திருப்பிக் கொண்டுவர ஆகும் கப்பல் கூலி அதைவிட அதிகம்.

இன்னொரு சிக்கல் தேதியில் வந்தது. ஜெர்மன்காரர்கள் ‘14-ஆம் வாரம்’ என்று எழுதுவார்கள். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து வாரங்களை எண்ணிக்கொண்டே போகும் கணக்கு அது. 14-ஆம் வாரம் என்றால் ஏறத்தாழ ஏப்ரல் முதல் வாரம். அந்த வாரம் சரக்கு தூத்துக்குடியில் கப்பலேற வேண்டுமா, அவர்கள் கிடங்கில் இறங்க வேண்டுமா? நண்பர் முதலாவதாக எடுத்துக்கொண்டார், அவர்கள் இரண்டாவதை நினைத்திருந்தார்கள். செங்கடல் பிரச்சினைக்குப் பிறகு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் கப்பல்களுக்குப் பத்து நாளுக்கு மேல் கூடுதலாகிறது. வசந்த கால விற்பனை தவறினால் தோட்டக்கடைக்காரருக்கு அந்தச் சரக்கு எதற்கு?

எண்களிலும் கவனம் வேண்டும். அவர்கள் 1.500 என்று எழுதினால் ஆயிரத்து ஐநூறு. ஒன்றரையை 1,5 என்று எழுதுவார்கள். புள்ளியும் கமாவும் நமக்கு நேர் எதிர்.

அவர்களோடு பழகிய நண்பர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. தாமதம் ஆகும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் கோபப்படுவதில்லை. ‘பார்த்துக்கலாம் சார்’ என்று இழுத்தடிப்பதுதான் ஆகாது. முடியாததை முடியாது என்று எழுதினால் மரியாதை கூடுகிறதாம். நம் ஊரில் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்பது சங்கடம். இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளத்தான் நண்பருக்கு அதிக நாள் பிடித்தது.

ஜெர்மனியில் 2023 முதல் விநியோகச் சங்கிலிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் தமக்குச் சரக்கு கொடுப்பவர்களிடம் தொழிலாளர் நலன், சுற்றுச்சூழல் பற்றி விசாரிக்க வேண்டும். அதனால் நீளமான கேள்வித்தாள் வரும். களத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கூலி என்ன, தூசிக்கு முகக்கவசம் உண்டா, கழிப்பறை இருக்கிறதா, கழுவிய நீர் எங்கே போகிறது? கடைசிக் கேள்வியை நானும் கேட்பேன். உப்பை இறக்க நல்ல தண்ணீரில் பலமுறை கழுவ வேண்டும். வெளியே வரும் சிவப்பு நீர் கண்மாய்க்கோ பக்கத்துத் தோட்டக் கிணற்றுக்கோ போனால், ஒருவர் சம்பாத்தியத்துக்குப் பத்துப் பேர் பயிர் பலியாகும். கழுவுநீருக்கு வழி செய்யாமல் இந்தத் தொழிலில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

சரி, குழு என்ன செய்யலாம்? முதலில் உங்கள் கிணற்று நீரைப் பரிசோதியுங்கள். அதுவே உப்பாக இருந்தால் கழுவிப் பயனில்லை. உலர்த்த சிமென்ட் களம் வேண்டும். மண் தரையில் காய்ந்தால் மணலும் களை விதையும் சேரும், சரக்கு அங்கே தேறாது. சோடியம், பொட்டாசியத்தை வெளியேற்ற கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்த சரக்கைச் சிலர் கேட்பார்கள். அதற்கு விலை தனியாகப் பேசுங்கள்.

ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் கயிறு வாரியப் பதிவும் வாங்க வேண்டும். வாரியத்துக்குப் பொள்ளாச்சியில் அலுவலகம் உண்டு. வாங்குபவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்க, 1956 முதல் இயங்கும் இந்திய-ஜெர்மன் வர்த்தக சபைக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. பணத்துக்கு வங்கியின் கடன் உறுதிக் கடிதம் கேளுங்கள். அவர்கள் சம்மதிக்காவிட்டால் இ.சி.ஜி.சி. காப்பீடாவது எடுங்கள்.

முதல் வருடமே ஐம்பது பேரின் பணத்தையும் கொட்ட வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கழுவிய கழிவைக் கொடுத்து ஒரு பருவம் பாருங்கள். நண்பரின் இரண்டாவது கன்டெய்னர் இப்படி எந்தச் சிக்கலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. இந்த முறை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே ‘ஒன்றுக்கு ஒன்றரை’ என்று எழுதி வாங்கியிருந்தார்.