பேச்சு நிற்காத ஓட்டம்

ஓட்டம் பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கால் அல்ல, வேகம். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் முதல் நாளே இளவட்டங்களுக்கு ஈடாக ஓடுகிறவர் இரண்டாம் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார், மறுநாள் வரமாட்டார். பக்கத்தில் ஓடுபவரிடம் மூச்சிரைக்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அதுதான் தொடங்குபவருக்கான வேகம்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, இடையிடையே நடந்து ஓடும் முறையைப் பரப்பினார். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரை மணி நேரம் போதும். வாரம் ஐந்து நாள் செய்தால் உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குச் சொல்லும் 150 நிமிட உடற்பயிற்சி நிறைந்துவிடும். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் தாமதமாகத்தான் தேறும். அதை மறந்து தூரத்தைக் கூட்டினால் முழங்கால் வலிக்கும்.

திருநெல்வேலி வெயிலுக்கு விடியற்காலைதான் தோது. 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தில் அந்நேரம் வண்டிகள் குறைவு. தாமிரபரணிக் காற்று வியர்வையை உலர்த்தும். ஓடிய கையோடு அல்வாவுக்குப் போகும் ஆபத்தும் இல்லை. அல்வா விற்கும் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும்.