பக்கச் சுவர் வழியே வந்த வெடிப்பு

2015 அக்டோபர் 6. இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் விண்ணில் ஏறி எட்டே நாள்தான் ஆகிறது. முதல் அறிவியல் கருவிக்கு மின்சாரம் கொடுக்கிறார்கள். சொல்லிவைத்தாற்போல அன்றைக்கே ஒரு காமா கதிர் வெடிப்பு! அதுவும் கருவி பார்த்துக்கொண்டிருந்த திசையிலிருந்தா? இல்லவே இல்லை. அறுபது டிகிரி தள்ளி, பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. அதற்கு வைத்த பெயர் ஜிஆர்பி 151006ஏ. போணியே அமோகம்!

கருவியின் பெயர் சிஇசட்டிஐ. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஏ. ஆர். ராவ் தலைமையில், திருவனந்தபுரம், அகமதாபாத், புணே, பெங்களூரு ஆய்வுக்கூடங்கள் கைகோத்துச் செய்தது. மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்போமா?

லென்ஸைத் தேடாதீர்கள், கிடையாது. இவ்வளவு ஆற்றலோடு வரும் கதிர் எந்த லென்ஸுக்கும் வளைந்து கொடுக்காது. மேலே இருப்பது அரை மில்லிமீட்டர் டான்டலம் தகடு. கிட்டத்தட்டப் பாதி ஓட்டை. எல்லாம் கணக்குப் பார்த்துப் போட்ட ஓட்டைகள். விண்மீனின் கதிர் பட்டு அந்தத் தகட்டின் நிழல் கீழே விழும். நிழல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை வைத்து விண்மீன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

நிழல் விழும் தரை இருக்கிறதே, அதுதான் கதாநாயகி. கேட்மியம் ஜிங்க் டெல்லூரைடு படிகம், ஐந்து மில்லிமீட்டர் தடிமன், இஸ்ரேலிலிருந்து வந்தது. 64 வில்லைகள், ஒவ்வொன்றிலும் 256 பிக்சல், ஆக மொத்தம் 16,384. ஒரு ஃபோட்டான் படிகத்துக்குள் மாட்டினால் எலெக்ட்ரான்கள் விடுபட்டு ஓடும்: 100 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு இருபதாயிரத்துக்கும் மேல். நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் அவற்றை இழுத்து எண்ணினால் ஆற்றல் தெரிந்துவிடும். இதே வேலைக்கு ஜெர்மானியம் என்றால் திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிர் வேண்டும், மகாராணி. இவளுக்கு 15 டிகிரிக்குள் இருந்தால் போதும். வெப்பத்தை விண்வெளிக்கு உமிழ ஒரு தகடு வைத்தார்கள், முடிந்தது வேலை.

உள்ளேயே ஓர் அமெரிசியப் பொட்டும் ஒட்டியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது! அமெரிசியம் சிதையும்போது ஓர் ஆல்ஃபா துகளும், கூடவே 60 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஃபோட்டானும் கிளம்பும். பக்கத்தில் இருக்கும் உணரி ஆல்ஃபாவைக் கண்டதும், ‘இப்போது வந்தது நம்ம வீட்டு ஃபோட்டான்’ என்று முத்திரை குத்திவிடும். அளவுகோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வானத்தை நம்ப வேண்டியதில்லை.

சில பிக்சல்கள் காரணமே இல்லாமல் கத்திக்கொண்டிருக்கும். அவற்றின் வாயைத் தரையிலிருந்தே கட்டளை அனுப்பி அடைப்பார்கள். காஸ்மிக் கதிர் ஒன்று மோதினால் ஒரே நேரத்தில் பல பிக்சல்கள் அலறும். அந்தக் கும்பலையும் தள்ளுபடி செய்ய வேண்டும். ஆனால் சரியாக இரண்டு பிக்சல், அதுவும் அடுத்தடுத்து, ஒன்றாகக் கத்தினால்? நிறுத்துங்கள், அதைத் தூக்கிப் போடக்கூடாது! அங்கேதான் புதையல். ஃபோட்டான் ஒன்றில் மோதி, கொஞ்சம் ஆற்றலைக் கொட்டிவிட்டு, கேரம் காய் போலத் தெறித்து அடுத்ததில் விழுந்திருக்கலாம். எந்தத் திசையில் அதிகம் தெறிக்கின்றன என்று எண்ணினால் கதிரின் தளவிளைவு கிடைக்கும். அதாவது, அதன் மின்புலம் எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பது. படமெடுக்கச் செய்த கருவிக்கு இப்படி ஒரு வித்தை! ஏவும் முன்பே ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், கெட்டிக்காரர்கள்.

பிறகு நண்டு நெபுலாவின் துடிப்பு விண்மீனைப் பார்த்தார்கள். விநாடிக்கு 30 முறை சுழல்வது. ஒன்றரை ஆண்டு காலம் விட்டுவிட்டுச் சேர்த்த தரவுகளை, அகமதாபாத்தின் சந்தோஷ் வடவாலே குழு 2017இல் நேச்சர் அஸ்ட்ரானமியில் வெளியிட்டது. பளிச்சென்ற துடிப்புகளின்போது அல்ல, கதிர் அடங்கியிருக்கும் இடைவெளியில்தான் தளவிளைவு கூடிக் குறைந்து ஆட்டம் போடுகிறது! அதுவரை இருந்த எந்தக் கோட்பாடும் இதற்குச் சரியாகப் பொருந்தி வரவில்லை.

பக்கச் சுவர் கதைக்கு வருவோம். சுமார் 100 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் அந்தச் சுவர்கள் கதிருக்குத் தடையே இல்லை. அதனால் ஒரு மூலையைப் பார்க்க வைத்த கருவி வானம் பூராவையும் கவனிக்கிறது. பிடித்த வெடிப்புகள் ஐந்நூறைத் தாண்டிவிட்டன. இந்த ருசியை அறிந்தபின் விடுவார்களா? ஐஐடி மும்பை தலைமையில் ‘தக்‌ஷா’ என்று ஒரு திட்டத்தை முன்வைத்திருக்கிறார்கள். இரண்டு செயற்கைக்கோள்கள், பூமிக்கு இப்பக்கம் ஒன்று, அப்பக்கம் ஒன்று. அதே இனப் படிகங்கள்தான். ஆனால் இம்முறை எல்லாத் திசையிலும் முகம் காட்டி, வெடிப்புக்கென்றே காத்திருக்கும்.