ஆட்டுக் கிடாக்களையும் காளைகளையும் தாக்கும் நீரடைப்பு

நன்கு வளர்ந்த கிடா ஒன்று தீனி எடுக்காமல் முக்கிக் கொண்டு நின்றால், புழுக்கை கட்டிவிட்டது என்று எண்ணி விளக்கெண்ணெய் ஊற்றுவது பல இடங்களில் வழக்கமாக உள்ளது. கட்டியிருப்பது சிறுநீராகவும் இருக்கலாம். இதை அறியாமல் ஒரு நாளை வீணாக்கினால் கிடாவையே இழக்க நேரிடும்.

உறுப்புகளின் அமைப்பு

இடுப்புப் பகுதியில் முதுகெலும்பை ஒட்டி இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. இவை ஆட்டில் அவரை விதை வடிவில் வழவழப்பாகவும், மாட்டில் பல கதுப்புகள் சேர்ந்தது போலவும் இருக்கும். இரத்தத்தை வடிகட்டிக் கழிவுகளையும் மிகுதியான உப்பையும் பிரிப்பதும், தேவையான நீரை உடலுக்கே திருப்பி அளிப்பதும் இவற்றின் வேலை. இங்கு உண்டாகும் சிறுநீர் இரு மெல்லிய குழாய்கள் வழியே சிறுநீர்ப்பையை அடைந்து, அங்கிருந்து ஒரே குழாய் வழியே வெளியேறுகிறது. 25 கிலோ எடையுள்ள ஆடு நாளொன்றுக்குக் கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சிறுநீர் கழிக்கும்.

ஆணுக்கு ஏன் அடைக்கிறது?

பெட்டை ஆட்டிலும் பசுவிலும் வெளிக்குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் சிறு கற்கள் தாமாகவே வெளியேறி விடும். ஆணில் இக்குழாய் நீண்டு, குறுகி, இடையில் இருமுறை வளைந்து செல்கிறது. காளையில் கல் பெரும்பாலும் இந்த வளைவில் சிக்கும். கிடாவிலோ குறியின் நுனியில் புழுப் போல் நீண்டிருக்கும் மெல்லிய குழலிலும் சிக்கும். மிக இளவயதில் காயடித்தால் குழாய் போதிய அகலம் பெறாது.

தவிடும் தானியமும் மிகுதியாகக் கொடுத்தால் பாஸ்பரஸ் சத்து கூடுகிறது. குடிநீரும் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி உப்புகள் கல்லாகப் படிகின்றன.

அறிகுறிகள்

கிடா அடிக்கடி முக்கும், வாலை ஆட்டும், வயிற்றை உதைக்கும், பல்லைக் கடிக்கும். சிறுநீர் சொட்டுச் சொட்டாகவோ இரத்தம் கலந்தோ வரும். குறியைச் சுற்றியுள்ள மயிரில் மணல் போன்ற துகள்கள் ஒட்டியிருக்கும்.

அடைப்பு நீடித்தால் சிறுநீர்ப்பை வெடித்து விடும். அப்போது வலி நின்று, கிடா சற்றுத் தெளிந்தது போல் தோன்றும். இது குணமல்ல. சிறுநீர் வயிற்றுக்குள் பரவி, வயிறு உப்பி, சில நாள்களில் இறந்து விடும்.

செய்ய வேண்டியவை

உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அடைப்பு உள்ளபோது எண்ணெயோ, வலுக்கட்டாயமாகத் தண்ணீரோ, சிறுநீர் பெருக்கும் மருந்தோ கொடுக்கக் கூடாது. கிடாவில் நுனிக் குழலை நீக்கினாலே சில வேளைகளில் அடைப்பு விலகும். இல்லையேல் அறுவை மருத்துவம் தேவைப்படும்.

தடுப்பு முறைகள்

1. நாள் முழுவதும் தூய குடிநீர் கிடைக்கச் செய்ய வேண்டும்.
2. கலப்புத் தீவனம் 100 கிலோவுக்கு 1 கிலோ சாதாரண உப்பு சேர்க்கலாம். உப்பு தாகத்தைத் தூண்டி நீர் அருந்தச் செய்யும்.
3. தவிட்டைக் குறைத்துப் பசுந்தீவனத்தைக் கூட்ட வேண்டும். தீவனத்தில் பாஸ்பரஸைப் போல் இரு மடங்கு சுண்ணாம்புச் சத்து இருப்பது நல்லது. அகத்தி, வேலிமசால் தழைகளில் இச்சத்து மிகுதி.
4. காயடிக்கும் வயதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

காலையில் கொட்டிலுக்குச் சென்றதும், கிடா கட்டியிருந்த இடம் நனைந்திருக்கிறதா என்று பார்த்து வந்தால் அடைப்பைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளலாம்.