பை சுமந்தவர் பெற்ற வெற்றி

அரியமங்கலத்துத் தெருவில் கிட்டிப்புள் ஆடும் சிறுவனுக்கு ஒரு கோலும் கூர்மையான கண்ணும் போதும். கோல்ப் ஆட்டமோ சீமான்களின் சொத்தாயிற்றே என்பீர்கள்!

1964-ல் தொடங்கிய இந்திய ஓபன் பந்தயத்தில், மறு வருஷமே பில்லு சேத்தி வென்றார். ஆனால் அவர் பணத்துக்காக ஆடியவரல்லர். கோல்பையே ஜீவனமாகக் கொண்ட இந்தியர் ஒருவர் வெல்வதற்கு 1991 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த அலி ஷேர் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்தவர். 2009-ல் வென்ற பெங்களூர் முனியப்பாவும் அவ்விதமே.

பரிசுப் பணம் தருபவை விளம்பரம் நாடும் கம்பெனிகள். ஆட்டக்காரர் பின்னே புல்வெளியில் நடந்து, அவர் அடிக்கும்போது மூச்சடக்கி நிற்கும் ரசிகர்களையே அவை நாடுகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஏழைச் சிறுவர்களின் பயிற்சிக்குச் செல்லட்டும். திறமை நம் தெருவிலேயே இருக்கிறது. வாசல் திறப்பதுதான் பாக்கி!