தோல் ஷாப்புக்குப் பட்டை தந்த ஆவாரை

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நர்சரியில் பூச்செடி கேட்டால் ரோஜாவும் செம்பருத்தியும்தான் முன்னால் வரும். ஊருக்கு வெளியே கரம்பில், கோடையிலும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையை யாரும் கேட்பதில்லை. இந்த வட்டாரத்துத் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், ஒருகாலத்தில் அதன் பட்டையை நம்பித்தான் நடந்தன.

ஆவாரம்பட்டையில் ஒரு துணுக்கைக் கடித்தால் நாக்கு சொரசொரவென்று ஆகிவிடும். பட்டையிலுள்ள டானின், எச்சிலின் புரதங்களைப் பற்றி அவற்றைத் திரிய வைக்கிறது. வாயின் வழவழப்பு போய்விடுகிறது. மேயும் மாடு ஆவாரையை ஒதுக்கிவிட்டுப் போவதில் இந்தத் துவர்ப்புக்கும் பங்குண்டு.

தோல் பதனிடுவதும் இதே வேலைதான். பச்சைத் தோலில் தண்ணீர் போக மிஞ்சுவதில் பெரும்பகுதி கொலாஜன். மூன்று புரி முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும் புரதம். டானின் அந்தக் கயிறுகளுக்கு நடுவே புகுந்து, தண்ணீரைத் தள்ளி, ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. பிறகு பாக்டீரியாவால் அதைச் செரிக்க முடியாது, தோல் அழுகாது. ஆவாரம்பட்டைக் குழியில் வாரக்கணக்கில் ஊறி, கடுக்காயில் முடிந்த தோல்கள் 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் லண்டன் போயின. அப்புறம் தென்னாப்பிரிக்க வாட்டில் மரப்பட்டை வந்தது. 1900களின் தொடக்கத்தில் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதித்தார். குரோம் உப்பு வாரக்கணக்கு வேலையை ஓரிரு நாளில் முடித்து, 'வெட் ப்ளூ' என்று நீலத் தோலாக வெளியே தள்ளும். தோல் ஷாப்புக் கழிவால் பாலாறு பட்ட பாடு 28.8.1996 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. பட்டைக் குழிக் கழிவும் பன்னீர் அல்ல என்பது வேறு விஷயம்.

பூவிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. அதுவும் பை நுனியில் உள்ள சின்னத் துளை வழியாகத்தான் வரும். கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து, இறகை விரிக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிர விடுகிறது. ரீங்காரம் சட்டென்று சுருதி ஏறுவதை அருகில் நின்றால் கேட்கலாம். நடுவிலுள்ள குட்டை மகரந்தத் தாள்கள் வண்டுக்குத் தீனி கொடுக்க, கீழே வளைந்து நீண்டவை அதன் உடம்பில் பொடி பூசி அடுத்த பூவுக்கு அனுப்புகின்றன. தேனீக்கு இந்த வித்தை வராது. சிந்தியதைப் பொறுக்கத்தான் முடியும்.

வளர்க்க ஆசையா? விதைத்தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, முழு வெயில் விழும் இடத்தில் நேரடியாக ஊன்றுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும். பிடுங்கி நட்டால் தேறுவது கஷ்டம். முதல் வருடம் தண்ணீர் காட்டினால் போதும், பிறகு மழையே பார்த்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கினால்தான் வம்பு, வேர் அழுகிவிடும். பூத்து ஓய்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை அடரும். கொன்றை இனச் செடிகளைத் தேடி வரும் வெள்ளை வண்ணத்துப்பூச்சி இலையில் முட்டையிடும்; மாடு சீண்டாத இலையை அதன் பச்சைப் புழு ஆசையாகத் தின்னும். மருந்து அடிக்க வேண்டாம், செடி மறுபடி துளிர்த்துக்கொள்ளும்.