ஊதியமில்லாத் தோழமை

மனச்சிதைவு நோய்க்குப் பல்லாண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவரிடம் ஒரு வாரத்தில் யார் யார் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், பெற்றோர், உடன்பிறந்தோர், மருத்துவர் என்பதோடு கணக்கு பெரும்பாலும் முடிந்துவிடும். மருந்து, காதில் ஒலிக்கும் குரல்களைத் தணிக்கும். விலகிப்போன நண்பர்களைத் திரும்ப அழைத்து வராது. இந்தக் குறையைப் போக்கவே பிரிட்டனில் தன்னார்வத் தோழமைத் திட்டங்கள் நடைபெறுகின்றன. பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர், நோயுற்ற ஒருவரைத் தவறாமல் சந்திப்பார். தேநீர் அருந்தலாம், பூங்காவில் நடக்கலாம், கால்பந்து பற்றிப் பேசலாம். அறிவுரை கூறுவதோ, மாத்திரை விழுங்கினாரா என்று கண்காணிப்பதோ அவர் வேலையன்று.

இதனால் பயனுண்டா? இக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, வேறொன்றைத் தேடிய ஆய்வில் கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், மருந்தால் முழுமையாகக் குணம் காணாத 90 பேரில் ஒரு பிரிவினருக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒப்பீட்டுக்காக, மற்றொரு பிரிவினருடன் செவிலியர்கள் பொழுதுபோக்கு, விளையாட்டு, நாட்டு நடப்பு என்று உரையாட மட்டுமே செய்தனர். ஒன்பது மாத முடிவில் இரு பிரிவினரிடமும் நோய்க்குறிகள் கணிசமாகக் குறைந்திருந்தன. மேலும் ஒன்பது மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, சிகிச்சை பெற்றவர்களின் முன்னேற்றம் தொடர்ந்தது. உரையாடல் மட்டும் பெற்றவர்களின் பயனில் ஒரு பகுதி கரைந்திருந்தது. வெறும் பேச்சுக்கும் வலிமையுண்டு. பேச்சு நின்றால் அவ்வலிமையும் தேய்கிறது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

பின்னர், தன்னார்வலர்களைக் கொண்டே இங்கிலாந்தில் 124 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு நம் எதிர்பார்ப்பைச் சற்று அடக்குகிறது. அன்றாடச் செயல்பாடுகளில் அவர்கள் செலவிட்ட நேரம் கூடவில்லை. பழகும் மனிதர்களின் எண்ணிக்கை கூடியது. என் பார்வையில் பின்னதே பெரிது.

தன்னார்வலருக்கு ஊதியம் கொடுத்தால் என்ன என்று பொருளியல் பயின்றவர்கள் கேட்பார்கள். ரத்த தானம் குறித்து ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் எழுதிய நூலில், பணம் நுழைந்தால் கொடை உணர்வு நலியும் என்று வாதிட்டார். விற்பதற்கு ஒரு வழி திறப்பதால், கொடுக்க விரும்புபவரின் கை எப்படிக் கட்டப்படும் என்று கென்னத் ஆரோ எதிர்க்கேள்வி எழுப்பினார். குருதியைப் பொறுத்தவரை அக்கேள்வியில் நியாயம் உண்டு. அது விலைக்கு வந்ததா, கொடையாக வந்ததா என்று அறியாமலே ஒருவர் அதனால் உயிர் பிழைக்கலாம். தோழமையில் அப்படியன்று. 'என்னைப் பார்க்க இவர் சம்பளம் வாங்கவில்லை' என்ற அறிதலே அங்கு பெறப்படும் நன்மையின் பாதி.

ஊதியமில்லை என்பதால் செலவில்லை என்று ஆகிவிடாது. (இலவச உழைப்பு என்றதும் நிதித் துறைகள் மகிழ்வது உலக வழக்கம்.) தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க, பயிற்சியளிக்க, யாருக்கு யார் பொருந்துவார் என்று பார்க்க, நெருக்கடி எழும்போது தன்னார்வலரின் தொலைபேசி அழைப்பை எடுக்க, முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும். அவருக்கு ஊதியம் தந்தேயாக வேண்டும்.

சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 19ஆம் பிரிவில், நம் நாட்டினருக்கும் அளித்திருக்கிறது. தமிழ்நாட்டில் அவ்வாழ்க்கையின் சுமை முழுவதும் குடும்பத்தின் தோளில்தான் இருக்கிறது. 'எங்களுக்குப் பிறகு யார்?' என்னும் முதிய பெற்றோரின் கேள்விக்கு ஒரு தன்னார்வலர் விடையாக முடியாது. ஆனால், அவர் மகனோடு கடற்கரைக்குச் சென்றுவரும் வேளையில் அந்தத் தாய்க்குச் சற்று ஓய்வு கிடைக்கும்.

தன்னார்வலர்களுக்கு எங்கே போவது? நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஈராண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும்; கணக்குப்படி அது வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல். எனினும், தேர்வு வந்ததும் சொல்லாமல் மறைந்துவிடும் மாணவர், ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்டவருக்கு மற்றோர் இழப்பாகிவிடுவார். ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் வங்கி ஊழியர்களையுமே நான் முதலில் நாடுவேன். யாராயினும், எத்தனை மாதங்கள் வருவார் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

சமூக அளவிலான மனநலப் பணியில் சென்னையின் ஸ்கார்ஃப் 1984 முதலும், பேன்யன் 1993 முதலும் அனுபவம் பெற்றவை. அவற்றின் வழிகாட்டுதலோடு, மாவட்ட மனநலத் திட்டத்தில் தோழமை ஒருங்கிணைப்பாளர் பணியிடம் ஒன்றை அரசு உருவாக்கலாம். தன்னார்வலருக்குப் பேருந்துக் கட்டணமும் இருவருக்குமான தேநீர்ச் செலவும் போதும், மதிப்பூதியம் வேண்டாம்.