வரிசையில் உங்கள் முறை எப்போது?

இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கொழும்பு வெள்ளவத்தைக் காலி வீதியில் பெற்றோலுக்கு நின்றவர்களும், கொட்டாஞ்சேனையில் எரிவாயு சிலிண்டரோடும் மண்ணெண்ணெய்க் கேனோடும் நின்றவர்களும் ஒருவரையொருவர் கேட்டது இதைத்தான்: "இன்னும் எவ்வளவு நேரம் செல்லும்?" விடை காண ஒரு வகுத்தல் கணக்குப் போதும்.

உங்களுக்கு முன்னால் நிற்கும் வாகனங்களை எண்ணுங்கள். பிறகு பத்து நிமிடத்தில் எத்தனை வாகனங்கள் நிரப்பிக்கொண்டு வெளியேறுகின்றன என்று பாருங்கள். முன்னால் 90, பத்து நிமிடத்துக்கு 6 என்றால், 15 பத்து நிமிடங்கள், அதாவது இரண்டரை மணித்தியாலம். இதன் பொது வடிவத்தை அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் லிற்றில் 1961இல் நிறுவினார்: வரிசையில் சராசரியாக நிற்போர் தொகையை, நிமிடத்துக்கு வந்து சேர்வோர் தொகையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். வங்கிக்கும் பொருந்தும், மருந்தகத்துக்கும் பொருந்தும்.

வரிசை ஏன் திடீரென்று நீள்கிறது என்பதுதான் இதைவிடச் சுவையான விடயம். கொப்பன்ஹேகன் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து டென்மார்க் கணிதவியலாளர் ஏர்லாங் 1909இல் தொடக்கிவைத்த வரிசைக் கோட்பாடு அதை விளக்குகிறது. ஒரு பம்பு மணிக்குச் சராசரியாக 20 வாகனங்களுக்கு நிரப்பும் என்போம். வாகனங்கள் ஒழுங்கின்றி வருகின்றன. ஒன்றுக்கு அரை நிமிடம், இன்னொன்றுக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. எளிய மாதிரிக் கணக்கில், 20இலிருந்து மணிக்கு வரும் தொகையைக் கழித்து, 60ஐ அந்த மீதியால் வகுக்க வேண்டும். 12 வந்தால், வந்து சேர்ந்ததிலிருந்து நிரப்பி முடிக்கச் சராசரியாக ஏழரை நிமிடம். 18 வந்தால் 30 நிமிடம். 19 வந்தால் ஒரு மணித்தியாலம்! கூடியது ஒரே ஒரு வாகனம்; நேரமோ இரட்டிப்பாகிறது. 20ஐத் தொட்டால் வரிசைக்கு முடிவே இல்லை.

ஆனால் 2022இல் பம்பின் வேகத்தைவிடக் கையிருப்பே பெரிய சிக்கல். எரிபொருள் கொண்டுவரும் பவுசர் வராத இடத்தில் வெளியேறும் வேகம் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது. அங்கே முதலில் போட வேண்டிய கணக்கு வேறு. 6,600 லீற்றர் பவுசர் ஒன்று வருகிறது; அந்த ஜூலையில் அறிமுகமான கியூஆர் எரிபொருள் பங்கீட்டு முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். கார்கள் மட்டும் நின்றாலும் 330க்குத்தான் கிடைக்கும். 400ஆவதாக நிற்பவர் இரவு முழுவதும் காத்திருந்தும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

வரிசையை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இருப்பு எவ்வளவு, ஒருவருக்கு எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் வாசலில் எழுதி வையுங்கள். மீதிக் கணக்கைச் சனங்கள் போட்டுக்கொள்வார்கள்.